திட்டுவதற்கு முன் ஒரு வணக்கம்: லாவணியும் அதன் உறவுக் கலைகளும்

சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்து சாம்பலானானா, இல்லையா? தஞ்சாவூர் வட்டாரத்து ஊர்களில் மாசி மாதம் காமன் பண்டிகை வந்தால், இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் விடிய விடியப் பாட்டாலேயே மோதிக்கொள்ளும். எரிந்தான் என்று பாடுகிறவர்கள் எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடுகிறவர்கள் எரியாத கட்சி. டேப்பு என்ற தோல் கருவியும் துந்தினா என்ற ஒற்றைத் தந்திக் கருவியும் பக்கத்தில் முழங்கும். ஒருவர் கேள்வியைப் பாட்டாகப் போடுவார். எதிரே இருப்பவர் பாட்டாலேயே பதில் சொல்லிவிட்டு, கையோடு தன் கேள்வியைத் திருப்பிப் போடுவார். பதில் தடுமாறினால் ஏச்சு விழும். இதுதான் லாவணி.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இரண்டில் ஒன்று தோன்றும். வெறும் சண்டைதானே, இதில் கலை எங்கே என்று சிலர் நினைப்பார்கள். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள் என்று சிலர் நினைப்பார்கள். இரண்டு பேருமே விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். பாடுகிறவர்களுக்கு உண்மையிலேயே ஜெயிக்க வேண்டும், ஊர் பார்க்கத் தோற்றால் உண்மையிலேயே வலிக்கும். அப்படியிருந்தும் எதிராளியைத் திட்டுவதற்கு முன் கும்பிடுகிறார்கள். திட்டி முடித்த பின்னும் கும்பிடுகிறார்கள். இந்தக் கும்பிடு சம்பிரதாயத்துக்காக ஒட்டவைத்தது என்று நான் நினைக்கவில்லை. ஏச்சுக்கு அனுமதி கொடுப்பதே அதுதான். மரியாதை எவ்வளவு உறுதியாக நிற்கிறதோ, ஏச்சு அவ்வளவு தூரம் துணிந்து போகலாம். உலகத்தில் பல இடங்களில் இந்த மாதிரி வாய்ச்சண்டைக் கலைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏச்சும் மரியாதையும் இப்படிச் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு கட்சி வந்த வழி

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியர் தஞ்சையைப் பிடித்தார்கள். 1855 வரை அவர்கள் வம்சம் அங்கே இருந்தது. லாவணி அவர்களோடு வந்த கலை. மகாராஷ்டிரத்து லாவணி என்றால் இன்று பலருக்குச் சலங்கை கட்டிய ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே துர்ரா, கல்கி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கேள்வியும் பதிலுமாகப் பாடும் மரபும் உண்டு. துர்ரா கட்சி சிவனை உயர்த்திப் பாடும், கல்கி கட்சி சக்தியை உயர்த்திப் பாடும். இரண்டு பெயருமே தலைப்பாகையில் செருகும் அணிகளின் பெயர்கள். துக்கன்கிர் என்ற இந்துத் துறவியும் ஷா அலி என்ற முஸ்லிம் துறவியும் பாடிப் போட்டியிட்டதாகவும், சந்தேரி அரசர் ஒருவருக்குத் துர்ராவையும் மற்றவருக்குக் கல்கியையும் கொடுத்துக் கௌரவித்ததாகவும் அந்த மரபில் ஒரு கதை சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அது சொல்ல வருவது முக்கியம். போட்டி பிறந்த அன்றே இரண்டு பேருக்கும் தலையில் அணி ஏறிவிட்டது. தோற்றவர் என்று ஒருவரை அந்தக் கதை காட்டவில்லை.

தமிழ் மண்ணில் இந்த இரட்டைக் கட்சி காமன் கதையைப் பிடித்துக்கொண்டது. தேவர்கள் அனுப்ப, மன்மதன் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகிறான். அம்பு விடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். ரதி கதறுகிறாள். மனம் இரங்கிய சிவன், இனி அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று வரம் கொடுக்கிறார். இந்த வரம்தான் வழக்கின் கீல். எரிந்த கட்சிக்காரர் ரதியின் ஒப்பாரியைச் சாட்சியாகக் கூப்பிடலாம். அனங்கன், அதாவது உடம்பில்லாதவன், என்று அவனுக்குப் பெயரே வந்துவிட்டதே என்று கேட்கலாம். எரியாத கட்சிக்காரர், ரதியின் கண்ணுக்கு இன்றும் தெரிகிறவன் எப்படி எரிந்தவன் ஆவான் என்று மடக்கலாம். அவன் எரிந்திருந்தால் உலகத்தில் ஆசை அணைந்திருக்க வேண்டுமே என்றும் கேட்கலாம்.

யோசித்துப் பார்த்தால் இந்த வழக்கில் கடைசித் தீர்ப்பு என்று ஒன்று வரவே முடியாது. கதை இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கிறது. இன்றிரவு ஒருவர் தோற்கலாம். ஆனால் அவர் கட்சி தோற்காது, அடுத்த வருஷம் வந்து மறுபடியும் உட்காரலாம். யாரும் நிரந்தரமாக அவமானப்படாதபடி ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கலையின் முதல் மரியாதை என்று சொல்வேன்.

இலங்கை மலையகத்திலும், 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போன மக்கள் இந்தக் கதையைக் கூடவே கொண்டுபோய்க் காமன் கூத்தாக இன்றும் ஆடுகிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வணக்கம் என்ன வேலை செய்கிறது?

பிள்ளையார் வணக்கம், குரு வணக்கம், சபை வணக்கம் என்று தொடங்கி மங்களத்தில் முடிப்பது நம் கூத்து மேடைகளுக்கெல்லாம் பொதுவான முறை. லாவணியும் அதே வரிசையில்தான் போகும். சபையில் இருக்கும் பெரியவர்கள் குற்றம் பொறுக்க வேண்டும் என்று பாடுவதை அவையடக்கம் என்கிறோம். பலர் இந்தப் பகுதி முடிந்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். எனக்கு அது வருத்தம் தரும் பழக்கம். ஏனென்றால் அந்த வணக்கத்தில் இரவு முழுவதற்கும் செல்லும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது.

முதல் விஷயம், குருவைப் பெயர் சொல்லி வணங்குவதால், பாடப்போகிறவர் தனி ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. அவர் ஒரு பரம்பரையின் வாய். இனிமேல் விழும் அடி அந்தக் கட்சியின் மேல் விழும், அவருடைய சொந்த உடம்பின் மேல் விழாது. அப்புறம், சபையைக் கும்பிடும்போது நடுவர் யார் என்பது முடிவாகிறது. எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, உட்கார்ந்திருக்கும் ஊர் ஒப்புக்கொண்டால் போதும். இது பெரிய விடுதலை. இரண்டு பேர் தனியாக நின்று திட்டிக்கொண்டால், யாராவது ஒருவர் வாயை மூடும்வரை அது அடங்காது. மூன்றாவதாக ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் ஏச்சு அவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. பாடுகிறவரின் கண் எதிராளியின் மேல் இருந்தாலும் காது சபையின் மேல் இருக்கும்.

பட்டிமன்றத்தில் "நடுவர் அவர்களே" என்று சொல்லிவிட்டு எதிரணியை வாரு வாரென்று வாருகிறார்களே, அங்கேயும் இதே ஏற்பாடுதான். அந்த விளியை எடுத்துவிட்டு, அதே வாக்கியத்தை எதிரணிப் பேச்சாளரின் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்லிப் பாருங்கள். உடனே கைகலப்பு வாடை அடிக்கும்.

வணக்கம் முடிந்ததும் நேராக ஏச்சுக்குப் போக மாட்டார்கள். முதலில் அறிவுக் கேள்விகள் வரும். இது எந்தப் புராணத்தில் வருகிறது, அவர் யாருக்கு எத்தனையாவது பிள்ளை, அந்த அம்புக்கு என்ன பெயர் என்று புராணத்திலிருந்து கிளப்புவார்கள். பிறகு நையாண்டி வரும். அதற்குப் பிறகுதான் ஏச்சு. பாடம் படிக்காமல் பந்தலுக்கு வந்துவிட்டாய், உன் வாத்தியார் உனக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தார் என்ற தினுசில் போகும். இதில் ஒன்றைக் கவனிக்கலாம். லாவணியின் இயல்பான ஏச்சு எதிராளியின் வித்தையைத்தான் தாக்கும். அப்படிப்பட்ட ஏச்சுக்கு அவர் அடுத்த பாட்டிலேயே பதில் சொல்லிவிட முடியும். சரியான பதிலைச் சரியான மெட்டில் பாடினால் ஏச்சு தானாக உதிர்ந்துவிடும்.

வங்காளத்துக் கவிகான் என்ற பாட்டுச் சண்டையில் இந்த வரிசை இன்னும் கறாராக இருந்தது. முதலில் தெய்வ வந்தனை, பிறகு ராதையின் தோழிகள் பேசும் பாட்டு, பிறகு பிரிவுப் பாட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கேயூர். கேயூர் என்பது பச்சையான ஏச்சு. நல்ல பாட்டெல்லாம் பாடி, தங்கள் தரத்தைச் சபைக்குக் காட்டிய பிறகே அந்தக் கட்டத்துக்கு வருவார்கள்.

மெய்யான ஏச்சு, ஆட்டத்து ஏச்சு

எந்த ஏச்சு ஆட்டத்துக்குள் இருக்கிறது, எது வெளியே போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு நல்ல சோதனையை வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் கொடுத்திருக்கிறார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் ஒருவர் தாயை ஒருவர் ஏசி விளையாடும் வாய்ச்சண்டையைக் கேட்டு, அதற்குள் இருக்கும் விதிகளை 1972இல் எழுதினார். அவர் கண்டது இது: ஆட்டத்து ஏச்சு எல்லோருக்கும் பொய் என்று பளிச்சென்று தெரிகிற அளவுக்கு மிகையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதற்கு வரும் பதில் இன்னொரு ஏச்சு. ஏச்சு உண்மைக்குப் பக்கத்தில் போய்விட்டாலோ, அடிபட்டவன் பதில் ஏச்சு சொல்ல மாட்டான். "எங்க அம்மா ஒண்ணும் அப்படி இல்லை" என்று மறுப்பான், காரணம் சொல்வான். மறுப்பு வந்த நொடியில் ஆட்டம் முடிந்தது, சண்டை தொடங்கிவிட்டது.

பதில் பாட்டாக வருகிறதா, மறுப்பாக வருகிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எந்த ஊர் வாய்ச்சண்டையையும் பார்க்கலாம். உழவர் வாழ்க்கையைப் பாடும் பள்ளு நூல்களில் ஒன்றான நம் முக்கூடற்பள்ளை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கம் பொருநையோடு, அதாவது தாமிரபரணியோடு, சிற்றாறு வந்து கலக்கும் இடம் முக்கூடல். அங்கே ஒரு பள்ளன், அவனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடற்காரி, திருமால் பக்தை. இளையவள் மருதூர்க்காரி, சிவ பக்தை. இருவரும் சண்டை போடும்போது ஒருத்தி மற்றவளின் கடவுளை இழுக்கிறாள். இடுப்பில் கட்ட நாலு முழத் துண்டுகூட இல்லாமல் புலித்தோலைச் சுற்றிக்கொண்டவன்தானே உங்கள் ஆள் என்கிறாள் ஒருத்தி. மரவுரி கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவன்தானே உங்கள் ஆள் என்கிறாள் மற்றவள். பிச்சையெடுத்தும் பசி அடங்காமல் நஞ்சை உண்டவன் என்றால், மாட்டுக்குப் பின்னால் திரிந்தும் சோறில்லாமல் மண்ணைத் தின்றவன் என்று திரும்பி வருகிறது. ஏறிப்போக மாட்டைத் தவிர வாகனம் கிடைக்காதவன் என்றால், அந்த மாடுகூட இல்லாமல் பறவை மேல் ஏறியவன் என்று வருகிறது.

இதில் எங்கேயாவது மறுப்பு இருக்கிறதா பாருங்கள். ஒருத்திகூட "இல்லை, எங்கள் சாமி நஞ்சு உண்ணவில்லை" என்று சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. நஞ்சு உண்டது உலகத்தைக் காப்பாற்ற, மண்ணைத் தின்ற வாய்க்குள்தான் யசோதை அண்டத்தைக் கண்டாள், மரவுரி கட்டியது தந்தை சொல் காக்க. ஏசுகிறவள் எதிராளியின் கடவுளுடைய பெருமைகளை வரிசையாகப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறாள், வறுமைக் கணக்கில் எழுதிக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். கேட்கிற பக்தர் சிரிக்கும்போதே கும்பிடவும் செய்யலாம். நிந்தாஸ்துதி, அதாவது ஏசுவதுபோலப் புகழ்வது, என்று நம் மரபு இதற்கு ஒரு தனி இடமே கொடுத்திருக்கிறது. எதிராளியின் புராணத்தைக் கரைத்துக் குடித்தவரால்தான் இப்படி ஏச முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்த்தரப்பை ஊன்றிப் படித்துவிட்டு வருவதும் ஒரு மரியாதைதான்.

பள்ளு நூல்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவற்றை எழுதியவர்கள் பள்ளர் சமூகப் பெண்கள் இல்லை. உழைக்கும் பெண்களின் வாயில் புலவர்கள் வைத்த சண்டை இது. கடவுளர் இருவரும் ஏச்சிலிருந்து பெருமையோடு வெளியே வருகிறார்கள். சண்டை போட்ட பெண்களுக்குக் கிடைத்தது என்ன? அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அவர்கள் பதில் பாட முடிந்ததா? ஏச்சும் மரியாதையும் சமமாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக்கும் பாட்டுரிமை வேண்டும். பள்ளைப் படிக்கும்போது எனக்கு இந்த எண்ணம் விலகுவதே இல்லை.

மரியாதையே கத்தியாகும்போது

இதுவரை மரியாதையை ஏச்சுக்கு வேலியாகப் பார்த்தோம். சில இடங்களில் மரியாதைச் சொல்லே ஏச்சாக மாறிவிடும். திருமலைராயன் அவையில் காளமேகம், அங்கிருந்த கவிராயர்களைக் குரங்கு என்று பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. கவி என்றால் குரங்கும் ஆகும். வால் எங்கே, நகம் எங்கே, நாலு கால் எங்கே என்று கேட்டுக்கொண்டே போகும் அந்தப் பாட்டில், விளி மட்டும் அரசர்கள் போற்றும் புலவர்களே என்று இருக்கும். சொல்லில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் அவ்வளவு கோபம் வரும்.

இதைவிட நுட்பமான ஒன்று ஸ்ரீரங்கத்தில் ஒவ்வொரு பங்குனியிலும் நடக்கிறது. அந்தக் கோயிலின் உற்சவரான நம்பெருமாள் உறையூருக்குப் போய், அங்கே இருக்கும் இன்னொரு தேவியான கமலவல்லி நாச்சியாரோடு ஒன்றாக வீற்றிருந்து சேர்த்தி சேவை தந்துவிட்டுத் திரும்புகிறார். பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் சன்னதிக்கு வரும்போது கதவு அடைபடுகிறது. பூவும் வெண்ணெயும் பலாப்பழமும் பெருமாள் பல்லக்கின் மேல் வந்து விழுகின்றன. பெருமாள் பக்கம் ஒரு தரப்பு, தாயார் பக்கம் ஒரு தரப்பு என்று, கோயிலில் பாசுரம் பாடும் அரையர்கள் பேசுகிறார்கள். பிரணய கலகம் என்று பெயர், மட்டையடி என்றும் சொல்வார்கள்.

அந்த உரையாடலில் வசைச்சொல் என்று எடுத்துக்காட்ட ஒன்றும் இருக்காது. வேட்டைக்குப் போய் வந்தோம், அலைச்சலில் களைத்திருக்கிறோம் என்பது பெருமாள் தரப்பு. தாயார் தரப்பு அவர் கோலத்தை வர்ணிக்கிறது, அவ்வளவுதான். திருக்குழல் ஏன் கலைந்திருக்கிறது? கஸ்தூரித் திலகம் ஏன் கரைந்திருக்கிறது? குதிரை ஏறிப் போனதில் காற்றில் கலைந்தது, வெயிலில் வியர்த்துக் கரைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் விடை வருகிறது. எல்லாம் பெருமாளுக்கே உரிய உயர்ந்த சொற்களில் நடக்கிறது. நாயகனின் தலைமுடியைக் கூடத் 'திரு' சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு 'திரு'வும் ஒரு சாட்சியம். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்கிறார், கதவு திறக்கிறது. ஊடலில் இருக்கும் மனைவி திடீரென்று 'வாங்க, போங்க' என்று பேசத் தொடங்கினால் கணவனுக்கு வயிற்றைப் பிசையும் என்பது வீட்டில் தெரிந்த விஷயம்தான். ஸ்ரீரங்கத்தில் அதையே ஒரு பெரிய கோயில் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் செய்து காட்டுகிறது.

லாவணியிலும் இந்த மாதிரி இடங்கள் வரும். எதிராளியைத் திடீரென்று மிகப் பெரிய வித்வான் என்று புகழத் தொடங்கினால், அனுபவப்பட்ட ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேட்கிறவரின் மரியாதை

பாடுகிறவர் எப்படிக் கும்பிடுகிறார் என்று பார்த்தோம். வாங்கிக்கொள்கிறவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது அதைவிடக் கடினமான பாதி. கிரீன்லாந்தின் இனூயிட் மக்களிடம் பாட்டுச் சண்டை ஒரு வழக்குமன்றமாகவே இருந்தது. மனைவியைக் கவர்ந்தான், பொருளைத் திருடினான் என்று இருவருக்குள் மனத்தாங்கல் வந்தால், ஊர் கூடும்போது பறை தட்டிக்கொண்டு மாறி மாறி ஏசிப் பாடித் தீர்த்துக்கொள்வார்கள். ஊர் சிரித்தால் பாடுகிறவருக்கு வெற்றி. ஏச்சு வாங்குகிறவர் முகம் சுளிக்காமல் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோபத்தைக் காட்டினால் கௌரவம் போயிற்று. இங்கே ஏச்சு பெரும்பாலும் உண்மைக் குற்றச்சாட்டாகவே இருந்தது, லபோவ் சொன்ன பொய்யின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கேட்பவர் மேல் இவ்வளவு கட்டுப்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் வாழும் பாஸ்க் மக்களிடம் வேறு ஏற்பாடு. அவர்களுடைய பெர்ட்சொலாரிகள் மேடையிலேயே பாட்டுக் கட்டுகிறவர்கள். யார் எந்தப் பாத்திரமாகப் பேச வேண்டும் என்பதைத் தலைப்புக் கொடுப்பவர் அந்த நிமிடத்தில் சொல்வார். நீ மாமியார், நீ மருமகள் என்றால் உடனே பாட வேண்டும். ஏச்சு அந்த மாமியாருக்குத்தான் போகும், பாடுகிறவருக்குப் போகாது. நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் வாழ்த்துப் பாட்டு உண்டு. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்க்க ஆயிரக்கணக்கான பேர் கூடுகிறார்கள். ஆண்களே ஜெயித்துவந்த அந்தப் போட்டியில் 2009இல் மயலென் லுஹான்பியோ முதல் பெண்ணாக வென்றார்.

அராபியரிடம் ஜரீர், ஃபரஸ்தக் என்ற இரண்டு கவிஞர்கள், உமையா ஆட்சிக் காலத்தில், சுமார் 40 வருஷம் ஒருவரை ஒருவர் ஏசிக் கவிதை பாடினார்கள். பஸ்ரா நகரத்து மிர்பத் சந்தை இந்தச் சண்டைக்குப் பேர்போனது. ஒருவர் எந்தச் சந்தத்தில், எந்த இயைபில் ஏசினாரோ அதே சந்தத்தில், அதே இயைபில்தான் மற்றவர் பதில் சொல்ல வேண்டும். திட்டுகிறவன் போட்ட கோலத்துக்குள்ளேயே நின்று திட்ட வேண்டும் என்பது எவ்வளவு பெரிய பணிவு! ஃபரஸ்தக் இறந்தபோது ஜரீர் அவருக்கு இரங்கற்பா பாடினார்.

எல்லை எங்கே உடைகிறது?

அதே ஜரீர்தான் நுமைர் என்ற குலத்தைப் பற்றி ஒரு வரி பாடினார். நீ நுமைர் குலத்தவன், பார்வையைத் தாழ்த்திக்கொள் என்ற பொருள். அதற்குப் பிறகு அந்தக் குலத்தார் தங்கள் குலப்பெயரைச் சொல்லவே கூசினார்கள் என்று அராபிய மரபு சொல்கிறது. வேலி இல்லாத இடத்தில் ஏச்சு என்ன செய்யும் என்பதற்கு இது சாட்சி. ஜரீருக்குப் பதில் சொல்லக்கூடிய ஃபரஸ்தக் இருந்தார். அந்தக் குலத்தில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு கவிஞர் இல்லை.

பிறப்பைத் தொட்ட ஏச்சுக்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்பதற்கு வங்காளத்து ஆண்டனி ஃபிரிங்கியைத்தான் நான் எப்போதும் நினைப்பேன். போர்த்துக்கீசிய வழியில் வந்தவர், வங்காளக் கவிகான் கற்றுப் பெரிய பாடகராக ஆனவர், 1836இல் மறைந்தார். தாகூர் சிங்ஹ என்ற எதிராளி, உன் கோட்டும் தொப்பியும் எங்கே போயின என்று சபையில் கேட்டாராம். உன் அப்பனுக்கு மாப்பிள்ளை ஆனேன், அதனால் அவற்றைக் கழற்றிவிட்டேன் என்று ஆண்டனி திருப்பிக் கொடுத்தார். சரியான ஆட்டத்து ஏச்சு, பொய் என்று எல்லோருக்கும் தெரியும், சபை சிரித்திருக்கும். இன்னொரு முறை ராம் பாசு என்பவர் அவருடைய பக்தியையே பிடித்தார். நீ கிருஷ்ணன் காலில் விழுவது வீண், உன் பாதிரி கேட்டால் உன் கன்னத்தில் கரியும் சுண்ணாம்பும் பூசுவார் என்றார். இதற்கும் ஆண்டனி ஏச்சோடு வந்திருக்கலாம். வரவில்லை. கிறிஸ்துவுக்கும் கிருஷ்ணனுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை அண்ணே, பெயர் மாறுவதால் மனிதர் மாறிவிடுவதாக நான் கேள்விப்பட்டதில்லை என்று பாடினார். கோட்டைப் பற்றிய கேள்வி ஆட்டத்துக்குள் இருந்தது, அதற்கு ஏச்சு. பக்தியைப் பற்றிய கேள்வி வெளியே போய்விட்டது, அதற்கு மரியாதை. எது எங்கே என்று மேடையில், அந்த நொடியில் பிரித்துப் பார்த்ததுதான் அவருடைய மேதைமை.

நம் மேடைகளிலும் இந்த எல்லை அடிக்கடி சோதிக்கப்படுகிறது. சாதியை இழுப்பது, உடற்குறையைச் சொல்வது, எதிரே நிற்கும் பெண்ணின் நடத்தையைப் பேசுவது என்று வந்தால் அதற்குப் பதில் பாட்டு இல்லை, மறுப்புதான் உண்டு, அல்லது அழுகை. சபை சிரித்தாலும் அது ஆட்டத்துக்கு வெளியே விழுந்த அடிதான். சிரித்த சபைக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது போய்ப் பார்க்க

லாவணி இன்று எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் விடிய விடிய நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் போடாத ஊர் குறைவு. அதில் தினைப்புனம் காக்கும் வள்ளியும், வேடனாக வரும் முருகனும் தர்க்கம் செய்யும் இடம்தான் பலருக்கு நாடகமே. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியாகப் பேசி அழைக்கப்படுகிறார்கள். முருகன் ஓர் ஊரிலிருந்தும் வள்ளி வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் மேடையில் சந்திக்கிறார்கள். தர்க்கம் எங்கே போகும் என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது.

பார்க்கப் போகிறவர்கள் முதல் பாட்டிலிருந்தே உட்காருங்கள். முருகன் வேடக்காரர் ஏசும்போது வள்ளி வேடக்காரரை எப்படிக் கூப்பிடுகிறார், அவர் பாடும்போது இவர் குறுக்கே விழுகிறாரா, பின்பாட்டுக்காரர் பக்கம் திரும்பிச் சிரிப்பைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். வள்ளி எடுத்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு பதில் வருகிறதா, இல்லை வசனத்தில் தப்பித்து ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆர்மோனியக்காரரின் முகத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர் இந்தத் தர்க்கத்தை நூற்றுக்கணக்கான இரவுகள் கேட்டிருப்பார், ஒரு வார்த்தை எல்லை தாண்டினால் அவர் விரல் உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.